அக்காவுக்கு அப்புறம்

ஏப்ரல் முதல் தேதி வரவேண்டிய ஒன்பதாயிரம் ரூபாய் வட்டி வரவில்லை. வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள், அதனால் தாமதம் என்று பாத்திமா டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் பெரிய வியாழன், அதற்கடுத்த நாள் பெரிய வெள்ளி. ஊரே கோயிலில் கிடந்தது. சிலுவைப்பாதையில் முழங்கால் போடும்போதுகூட டீச்சருக்கு அந்த ஒன்பதாயிரம்தான் நினைவில் வந்தது. அப்படி நினைத்ததற்காக மனதுக்குள் ஒரு தடவை மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை கீரனூருக்குப் பஸ் ஏறினார். வங்கி வாசலில் இருந்த எந்திரத்தில் பாஸ்புக்கைச் செருகினார். அது கரகரவென்று இழுத்து, மார்ச் மாதப் பென்சனையும் தபால் நிலைய வட்டியையும் மட்டும் அச்சடித்துத் துப்பியது. புத்தகத்தைத் திருப்பிச் செருகிப் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை.

அங்கேயே நின்று ஆத்மநாதனுக்குப் போன் போட்டார். சேமிப்புப் பத்திரம், வைப்புத்தொகை எல்லாவற்றுக்கும் கீரனூர் வட்டாரத்தில் அவர்தான் ஏஜென்ட். பழைய பைக்கில் ஊர் ஊராகப் போகிறவர்.

"டீச்சர், நானே வரணும்னு இருந்தேன். கம்பெனி இந்த மாசம் யாருக்குமே வட்டி கட்டலை. ரேட்டிங்கை ஒரே நாள்ல தரைக்கு எறக்கிட்டாங்க."

"அசல்?"

எதிர்முனையில் ஆத்மநாதன் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார். "கோர்ட்டுக்குப் போவும் டீச்சர். வருஷக்கணக்கா இழுக்கும். ரூபாய்க்கு நாலணா வரலாம், எட்டணா வரலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

பத்து லட்சம். டீச்சர் பாஸ்புக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வங்கிக்கு எதிரே இருந்த கடையில் ஒரு டீ வாங்கினார். காசைக் கொடுத்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

ஆவூரிலிருந்து கீரனூர் போகும் சாலையை விட்டு அரைக் கல் உள்ளே தள்ளி இருந்தது அவர்கள் வீடு. செவக்காட்டில் ஒரு ஏக்கர், ஒரு போர், ஓட்டு வீடு, பின்னால் ஆட்டுக்கொட்டகை. டீச்சருக்கு அறுபத்தாறு வயது, தங்கை சந்தனமேரிக்கு அறுபத்தொன்று. அப்பா இறந்தபோது பாத்திமா ஆசிரியப் பயிற்சியில் இருந்தார். இருபத்தொரு வயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, அங்கேயே தலைமை ஆசிரியையாகி ஓய்வு பெற்றார். அம்மா கை கால் விழுந்து படுத்த பதினான்கு வருஷமும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் சந்தனமேரி. இருவருக்கும் கல்யாணப் பேச்சு வந்ததும் போனதும் அந்தப் பதினான்கு வருஷத்துக்குள்தான். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தபோது இருவருக்கும் காதோரம் நரைத்திருந்தது. பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அக்கா சம்பாதித்தார், தங்கை வீட்டையும் காட்டையும் பார்த்தாள். ரொம்ப நாள் அது நன்றாகவே ஓடியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அரிமளத்தில் அந்தோணிமேரி டீச்சர் இறந்தார். பாத்திமா டீச்சரோடு ஒன்றாகப் பயிற்சி முடித்தவர், அவரும் கல்யாணம் ஆகாதவர், அவருக்கும் வீட்டோடு ஒரு தங்கை. முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தபோது அந்தத் தங்கை பித்தளைப் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்து விலை பேசிக்கொண்டிருந்தாள். "பென்சன் அக்காவோட போச்சுங்க. புருசன் பிள்ளைக்குத்தான் தொடருமாம், கூடப்பொறந்தவளுக்குக் கெடையாதாம். புதுக்கோட்டையில சிஸ்டர்ங்க நடத்துற விடுதியில எடம் கேட்டிருக்கேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லாமல் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாத்திமா டீச்சர் கணக்குப் போட்டார். தனக்குப் பின் சந்தனமேரிக்கு மாதம் பதினைந்தாயிரம் வேண்டும். கையில் இருப்பது பத்தொன்பது லட்சம். ஒன்பது லட்சத்தைத் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் போட்டால் ஐயாயிரத்து ஐந்நூற்றைம்பது வரும். மிச்சம் பத்தை வங்கியில் போட்டால் எப்படிப் பார்த்தாலும் மொத்தம் பதினோராயிரத்தைத் தாண்டவில்லை. நாலாயிரம் குறைந்தது. அந்த நாலாயிரத்தை எட்டிப் பிடிக்கத்தான் அவர் லாரிக்கும் டிராக்டருக்கும் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியின் கடன்பத்திரத்தை வாங்கினார். மாதம் ஒன்பதாயிரம் வட்டி. இரண்டு வருஷம் பதினோரு மாதம் அது ஒரு நாள் தவறாமல் வந்தது.

இதில் எதையும் அவர் தங்கையிடம் சொல்லவில்லை. சொன்னால் சாவைப் பற்றிப் பேசவேண்டி வரும் என்று தள்ளிப்போட்டார்.

பணம் நின்ற மறு வாரம் கீரனூரில் பெலிக்ஸைப் போய்ப் பார்த்தார். அவருடைய பழைய மாணவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கீழே ஸ்கேன் சென்டர் இருக்கும் கட்டடத்தின் மாடியில் டியூஷன் சென்டர் வைத்திருந்தான். "நீங்க வந்தா எனக்குத்தான் பெருமை டீச்சர். கோடை லீவு முழுக்க பத்தாங்கிளாசுக்குக் கணக்கு எடுங்க. மாசம் எட்டாயிரம் தாரேன்" என்றான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. டீச்சருக்கு அது நிம்மதியாக இருந்தது.

தினமும் ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பினார். "கோயில் கணக்கு வழக்கைப் பார்க்கச் சொல்லியிருக்காரு சாமியாரு" என்று தங்கையிடம் சொன்னார். மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நடந்து வந்து, முகம் கழுவக்கூடத் தெம்பில்லாமல் பாயில் சாய்வார். புதன்கிழமை மீன்காரர் வந்தால், "இன்னைக்கு வேண்டாம், வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்பார். இரண்டாவது தடவை சோறு வாங்குவதை நிறுத்தினார். திடீரென்று ஒரு நாள் சந்தனமேரியைக் கூட்டி உட்காரவைத்து, ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். "எதுக்குக்கா?" என்று கேட்டதற்கு, "தெரிஞ்சு வச்சுக்க, நல்லதுதானே" என்று மட்டும் சொன்னார்.

சந்தனமேரிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் அக்காவின் முகம் அவளுக்கு மனப்பாடம். கோயிலில் சாமியாரைப் பார்த்தபோது அவர், "டீச்சரம்மாவை ஞாயித்துக்கிழமை பூசையில பாக்குறதோட சரி, மத்த நாள்ல கோயில் பக்கமே காணோமே" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். அதற்கு ஒரு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் ஆடு பார்க்க வந்த வியாபாரி ராசு, பேச்சோடு பேச்சாக, "டீச்சருக்கு ஒடம்பு சரியில்லையா ஆத்தா? கீரனூர்ல ஸ்கேன் சென்டர் படியில தெனமும் பாக்குறேனே" என்றார்.

சந்தனமேரி கொட்டகைப் படலைத் திறந்துவிட்டாள். "அஞ்சையும் ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

"அஞ்சுமா? அந்தச் செவலை செனையால்ல இருக்கு?"

"அதையுந்தான். வெலையைச் சொல்லுங்க."

சித்திரை பாதி. கடலை முற்றிவிட்டது. முந்தின நாள் சாயந்திரம் பெய்த கோடை மழையில் மண் இளகியிருந்ததால் நாலு ஆள் வைத்துப் பிடுங்கி, செடியைப் புளியமரத்தடியில் குவித்திருந்தார்கள். ஆடு போன மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போய்விட்டு வந்து அக்காவும் தங்கையும் நிழலில் சாக்கை விரித்துக் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஈரமண் வாசனை. செடியைத் தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறி, கொத்தோடு கடலையை உருவிக் கூடையில் போடவேண்டும். சந்தனமேரியின் கை தானாக ஓடியது. டீச்சர் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆட்டுச் சத்தத்தையே காணோமே" என்றார் டீச்சர்.

சந்தனமேரி எழுந்து போனாள். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, வீட்டுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்து அக்காவின் மடியில் வைத்தாள்.

"நாப்பத்திரெண்டாயிரம் இருக்கு. பத்தாதுன்னா காட்டை ஒத்திக்கு வைப்போம். திருச்சிக்குப் போவமா, வேலூருக்குப் போவமா, நீயே சொல்லு."

"எதுக்குடி?"

"மறைக்காத யக்கா. கட்டி எந்த எடத்துலன்னு மட்டும் சொல்லு. மாருலயா, வயித்துலயா?"

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கையின் கண் தன் மார்பிலும் வயிற்றிலும் போய் நிற்பதைப் பார்த்த பிறகுதான் மெல்லப் புரிந்தது.

"அடியே, எனக்கு ஒன்னுமில்லடி."

"ஸ்கேன் சென்டருக்குத் தெனமும் எதுக்குப் போறே? வார நாள்ல ஒன்னையக் கோயில்ல பாக்கவே இல்லங்கிறாரு சாமியாரு."

"அது மேல மாடிடி. பெலிக்ஸ் டியூஷன் நடத்துறான். நான் கணக்குச் சொல்லிக் குடுக்கப் போறேன்."

சந்தனமேரி அப்படியே கடலைக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரு செடியை எடுத்து அக்காவின் தோளில் ஓங்கி அடித்தாள். மண் தெறித்தது. இன்னொரு அடி. அடித்துக்கொண்டே அழுதாள். "மாதாவே, மாதாவே! பத்து நாளா நான் சாப்பிடலடி, தெரியுமா ஒனக்கு?" அக்காவை அவள் 'டி' போட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

டீச்சர் அடியை வாங்கிக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அரிமளத்துப் பாத்திரங்களில் ஆரம்பித்து ஆத்மநாதனின் போன் வரைக்கும் சொன்னார்.

"பணந்தானா?" என்றாள் சந்தனமேரி. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இம்புட்டும் பணத்துக்கா?"

"பணந்தானான்னு சிரிக்கிறியே. ஒனக்குன்னு வச்சிருந்ததுடி. நான் போனதுக்கு அப்புறம் ஒன் சாப்பாட்டுக்கு."

சிரிப்பு நின்றது. சந்தனமேரி ஒரு செடியை எடுத்து மெதுவாக உதறினாள்.

"அப்ப மூணு வருசமா நீ சாவுறதைப் பத்தியே நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கே. பக்கத்துப் பாயிலதான் நான் படுத்திருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"சொன்னா நீ பயப்படுவேன்னு..."

"நீ சொல்லாததுலதான் இப்பப் பயந்து செத்தேன். பதினஞ்சாயிரம்னு யாரு சொன்னா? எங்கிட்ட கேட்டியா? பதினஞ்சாயிரத்துக்கு நான் மாசாமாசம் என்னத்தை வாங்குவேன்? வீடு இருக்கு, காடு இருக்கு, ரேஷன் அரிசி இருக்கு. எட்டாயிரம் போதும் எனக்கு."

"மருந்து மாத்திரை? காடு எத்தனை வருசத்துக்கு ஒன்னால பார்க்க முடியும்? வெலைவாசி?"

"சரி, பத்துன்னு வச்சுக்க. பதினஞ்சு வேணாம்." அவள் கூடையைத் தள்ளி வைத்தாள். "அந்த ஆளு ஆத்மநாதன், அவரா ஒன்னைய இதுல மாட்டிவிட்டது?"

பொய் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். டீச்சர் தலையை ஆட்டினார். "இல்லை. அவரு மூணு லட்சம் போதும், மிச்சத்தைப் பேங்குல போடுங்கன்னாரு. எனக்குத்தான் அந்த நாலாயிரம் கண்ணை மறைச்சிருச்சு. கம்பெனிக்கு ரெண்டு ஏ ரேட்டிங் இருந்துச்சு. நல்ல மார்க்னு நம்பிட்டேன். பத்தையும் கொண்டுபோய் ஒரே எடத்துல வச்சேன். பிள்ளைங்களுக்கு முப்பத்தேழு வருசம் கணக்குச் சொல்லிக் குடுத்தவ."

சந்தனமேரி எழுந்தாள். "சோறு போடுறேன் வா. கருவாட்டுக் குழம்பு இருக்கு. ரெண்டாந்தரம் வாங்காம எந்திரிச்சா இன்னொரு அடி விழும்."

செவ்வாய்க்கிழமை ஆத்மநாதன் வந்தார். கம்பெனி மேல் கோரிக்கை வைக்கும் படிவங்களைக் கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரக் கூச்சப்பட்டார்.

"வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க" என்று சந்தனமேரி நாற்காலியை இழுத்துப் போட்டு, அவித்த கடலையும் மோரும் கொண்டுவந்து வைத்தாள்.

"என் சம்சாரம் பேர்லயும் ரெண்டு லட்சம் போட்டிருந்தேன் டீச்சர். வீட்டுல பேச்சுவார்த்தை இல்லை" என்றார் அவர், மோரைக் கையில் வைத்துக்கொண்டே. நாற்பது வீட்டுக்கு அவர் இந்தப் பத்திரத்தை விற்றிருந்தார். சில வீடுகளில் நாயை அவிழ்த்து விட்டார்களாம்.

டீச்சர் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். "வந்தா வரட்டும். அதை இனி நாங்க எண்ணி உக்காரப்போறதில்லை. இருக்கிற ஒன்பதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ஆத்மநாதன் விவரமாகச் சொன்னார். தபால் நிலையத் திட்டத்தை இப்போது முடித்தால் மூன்று வருஷம் ஆகிவிட்டதால் ஒன்பதாயிரம்தான் பிடிப்பார்கள். அறுபது வயது தாண்டியவர்களுக்கு அங்கேயே வேறு சேமிப்பு இருக்கிறது. வட்டி அதைவிடக் கூட, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். சந்தனமேரி பேரிலேயே போடலாம். டீச்சர் இறந்த பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதில்லை, இன்றைக்கே அது அவளுடையதாகிவிடும்.

"ஏழு லட்சம் அதுல போடுவோம்" என்றாள் சந்தனமேரி, கேட்டுக்கொண்டே இருந்தவள். "மிச்சத்தையும் ஆட்டுக் காசையும் பேங்குல போடுங்க. ஆத்திர அவசரத்துக்கு எடுக்க ஒன்னு தனியா வேணும். எல்லாத்தையும் ஒரே எடத்துல வைக்க நான் மாட்டேன்."

"தபால் ஆபீஸ் சர்க்காருது, அது எங்கயும் போவாதும்மா."

"இருக்கட்டும் தம்பி."

பென்சனில் மாதம் ஆறாயிரம் தங்கை பேரில் தொடர்சேமிப்பாகப் போட்டுவருவது என்றும் முடிவாயிற்று. சந்தனமேரி போட்ட நிபந்தனை ஒன்றுதான். டியூஷன் கோடை லீவோடு சரி. அதற்குப் பிறகு சனிக்கிழமை மட்டும் வேண்டுமானால் போகலாம். தங்கைக்கு மாதம் பத்தாயிரம் வட்டி வரும் அளவுக்குப் பணம் சேர இன்னும் எத்தனை வருஷம் ஆகும் என்று டீச்சர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். அவர் எழுபத்தைந்து வயது வரை இருக்கவேண்டும்.

"எழுபத்தஞ்சு வரைக்கும் நான் இருந்தாகணும்டி" என்றார்.

"இரு. யாரு போவச் சொன்னா?"

பழைய கணக்கை முடித்து, தங்கைக்குப் புதிதாக ஒரு கணக்கு திறந்து, பணம் அதில் வந்து விழ இரண்டு வாரம் ஆனது. வைகாசி பிறந்த பிறகு ஒரு புதன்கிழமை இருவரும் கீரனூர் தபால் நிலையத்துக்குப் போனார்கள். சந்தனமேரி ஈஸ்டருக்கு எடுத்த ஊதாப் புடவையைக் கட்டியிருந்தாள். தன் பேரில் ஒரு காகிதத்தில் இத்தனை பணத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கவுண்டரில் இருந்த பெண் சின்ன வயது, பொறுமையாகக் கேட்டுக் கேட்டுப் படிவத்தை நிரப்பினாள்.

"நாமினி யாரைப் போடணும்மா?"

"அப்படின்னா?"

"ஒங்களுக்கு அப்புறம் இந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேரணும்?"

"பாத்திமான்னு எழுதுங்க. இந்தா நிக்கிறாங்கள்ல, எங்கக்கா."

அந்தப் பெண் டீச்சரின் ஆதாரை வாங்கிப் பார்த்தாள். தயங்கினாள். "இவங்க ஒங்களைவிட அஞ்சு வயசு மூத்தவங்கம்மா. பொதுவா வயசுல சின்னவங்களைத்தான் போடுவாங்க. அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளை யாராச்சும்?"

"அந்தப் பொண்ணு சொல்றது சரிதான் சந்தனம்" என்றார் டீச்சர். "பெரியப்பா பேரன் லியோனைப் போடு. எனக்கு எதுக்கு?"

சந்தனமேரி அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கவுண்டர் கம்பி வழியாக அந்தப் பெண்ணிடம்தான் சொன்னாள்.

"எங்கக்காவுக்கு ஒலை வைக்கத் தெரியாதும்மா. அடுப்புப் பக்கம் வந்ததே இல்ல. நான் முன்னாடி போயிட்டேன்னா, சோறாக்கிப் போட, துணி தொவைக்க ஒரு ஆளு வைக்கணும். மாசம் ஆறாயிரம் ஏழாயிரம் கேப்பாங்க. பென்சன் மருந்துக்கும் கரண்டுக்குமே சரியாப் போயிரும். யாரு வச்சிருக்கா எங்கக்காவுக்குன்னு? நீங்க எழுதுங்க."

டீச்சர் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் அந்தக் கணக்கை அவர் எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்திருந்தார். வட்டி குறைந்தால், விலைவாசி ஏறினால், போர் தண்ணீர் வற்றினால், எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தார். எல்லாவற்றிலும் முதலில் செத்துப்போகிறவர் அவர்தான். தங்கை இல்லாத வீட்டில் தான் இருக்கக்கூடும் என்று ஒரு தடவைகூட எண்ணியதில்லை.

"உறவு?" என்று கேட்டாள் கவுண்டர்ப் பெண்.

"அக்கா."

பெண் எழுதினாள். சந்தனமேரி பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். கடைசி எழுத்துக்குப் பெட்டியில் இடம் போதவில்லை. கொஞ்சம் வெளியே போயிற்று. "பரவாயில்லம்மா" என்றாள் பெண்.

வெளியே வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. திருச்சி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டீச்சர் கொஞ்ச தூரம் நடந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒரு ரசமாவது வைக்கக் கத்துக் குடுடி எனக்கு."

"ஒனக்கு அரிசி களையவே வராது" என்றாள் சந்தனமேரி. "மொதல்ல ரோட்டைப் பார்த்து நட." இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தாள்.